பிசுன்தேவின் லாரி கொதித்த வாரம்

தீயை அடக்கியவனே மனிதன், தீயிடம் அடங்கியது மிருகம், மனித குலத்தின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிதான் என்று செவ்வாய்க்கிழமை ராமாயண மண்டலியில் பிசுன்தேவ் அறிவித்தார். புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அவருடைய கரும்பு பற்றி எரிந்தது. வியாழக்கிழமை அவருடைய லாரி கொதித்தது. மனித குலம் அன்று செயாங்காங்கா மேட்டில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

கரும்புக்குத் தீ வைக்கிறவர்களைக் கண்டித்துத்தான் அந்தப் பேச்சு. வெட்டுக் கூட்டத்தில் பதினான்கு வீடுகள். யார் கரும்பு எந்த வாரம் வெட்டப்படும் என்று மே மாதமே முறை போட்டு எழுதியாகிவிடும். ஆனால் எரிந்த கரும்பு காத்திருக்காது. நாலு நாள் போனால் சாறு புளிக்கும், மில்லில் முகம் சுளிப்பார்கள். அதனால் எரிந்தவனுக்கு முதல் இடம் என்பது வழக்கம். இந்த வழக்கத்தின் அழகு என்னவென்றால், முறைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் வயலில் தீ தானாகவே வந்து பிடித்துக்கொள்ளும். முறை அடுத்த நாளே இருப்பவன் வயலில் ஒரு பொறிகூட விழுந்ததில்லை.

பிசுன்தேவ் வெட்டுக் கூட்டத்துக்கு சர்தார் என்கிற மேஸ்திரி, மண்டலிக்குத் தலைவர், பள்ளிக்கூடக் கமிட்டிக்கு ஆலோசகர். சாவு வீட்டில் யார் முதலில் பேசுவது என்று தயக்கம் வந்தால், தயங்கியவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் பேசி முடித்திருப்பார். அவருடைய முறை அக்டோபர் மூன்றாம் வாரம். பிரிஸ்பேனுக்கு விமான டிக்கெட்டோ வருகிற செவ்வாய்க்கிழமைக்கு. அங்கே மகன் பிரனீல் வீட்டில் பேரனுக்கு முதல் மொட்டை.

அவர் மனைவி தேவந்தி அந்தப் பேரனை இதுவரை தொட்டதில்லை. போனில் பார்த்திருக்கிறாள், கையளவு கண்ணாடிக்குள் ஒரு மூக்கு, ஒரு பாதி வாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரனீலின் கல்யாணத்துக்கே அவள் போகவில்லை. மாடுகளை யாராவது பார்க்க வேண்டும் என்று பிசுன்தேவ் தான் மட்டும் போய், வாழ்த்திப் பேசி, மாலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இந்தத் தடவை மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாயிற்று. இப்போது கரும்பு.

"கரும்பு வயல்ல நிக்கும்போது சர்தார் நாட்டை விட்டுப் போனா ஊர் என்ன பேசும்?"

"அப்போ நான் மட்டும் போயிட்டு வரேன்."

"நீயா? லம்பாசா மார்க்கெட்ல தனியா விட்டாலே மீன் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வழி கேப்ப. வெளிநாட்டுல போயி நிக்கப் போறியா?"

இந்தப் பேச்சு நடந்தது திங்கட்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் தேவந்தி ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது பிசுன்தேவ் பின்வாசல் வழியாக வந்தார். மண்டலிக்குப் போடுகிற வெள்ளை ஜிப்பாவில் மண்ணெண்ணெய் வாடை. குழாயடியில் மூன்று தடவை கை கழுவினார். பிறகு சமையலறைக்குள் வந்து, ஜன்னல் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே கேட்டார்: "அங்க என்ன வெளிச்சமா இருக்கு?"

தேவந்தி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கேட்டிருக்கலாம். கேட்டால் பேரனுடைய தலைமயிர் அவள் இல்லாமல் இறங்கிவிடும்.

மறுநாள் விடியும்போதே வெட்டுகிறவர்கள் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கரி படிந்து எட்டுப் பேரும் ஒரே நிறம். கண்ணும் பல்லும் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அவர்களில் மூத்தவன் ஏமோசி. அவித்த மரவள்ளியும் டின் மீன் குழம்பும் சாப்பிடும்போது, வாயில் இருந்ததை விழுங்காமலே சொன்னான்:

"சர்தார், நேத்து நெருப்பு உங்க வரப்போட நின்னுடுச்சு. பக்கத்து வயல் பிர்ஜ்லால் கரும்புல ஒரு இலைகூட கருகல. ரொம்ப மரியாதை தெரிஞ்ச நெருப்பு."

"கடவுள் செயல்," என்றார் பிசுன்தேவ்.

"அதான் நானும் சொன்னேன். கடவுள் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு நாள் முன்னாடியே சருகெல்லாம் வாரி எடுத்துச் சுத்தம் பண்ணி வச்சிருந்தாரு."

மற்ற ஏழு பேரும் மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டு குலுங்கினார்கள்.

மொத்தம் மூன்று லோடு கரும்பு. சனிக்கிழமைக்குள் மூன்றும் மில் வாசலைத் தாண்டினால் திங்கட்கிழமையே நாந்தி விமான நிலையத்துக்குக் கிளம்பலாம். முதல் லோடு பத்து மணிக்கு ஏறியது.

அந்த லாரியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. பிசுன்தேவுக்கு மட்டும் பக்தி. ஜப்பான் வண்டி. பிரனீலைவிட நாலு வயசு மூத்தது. நெற்றியில் 'ஜெய் பஜ்ரங்' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே, மண்டலியின் பொன்விழாவுக்காக அடித்த பிளாஸ்டிக் பேனர் ஒன்றை ஆகஸ்டிலிருந்து முன்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார். பேனரின் ஓரத்தில் சின்னதாக ராமர். நடுவில் கை கூப்பியபடி பிசுன்தேவ், ஆளுயரத்தில் பாதி. எதிரே வருகிற பஸ்காரர்கள் அந்தக் கும்பிடுக்குப் பதில் கும்பிடு போடுவதாக அவர் சொல்வார். அவர்கள் வெயிலுக்குக் கண்ணை மறைத்தார்கள் என்பது ஏமோசியின் கட்சி.

வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மேட்டுச் சாலையின் மூன்றாவது வளைவு வரை தெரியும். லாரி முதல் வளைவில் முனகியது. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் பானட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி கிளம்பி, பிசுன்தேவின் படம் மேகத்தில் மிதக்கும் தேவரைப்போல் ஒரு நிமிஷம் காட்சி கொடுத்தது. தேவந்தி இரண்டு வாளி தண்ணீரோடு மேடேறினாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் பிசுன்தேவ். "வண்டி ஓய்வெடுக்குது. பெரிய உழைப்பாளிக்கு ஓய்வு வேணும்."

சொல்லிக்கொண்டே மண்டலித் துண்டைக் கையில் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். ஆற விடாமல் திறக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பலமுறை சொன்னவர். தண்ணீர் பீறிட்டு அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. இடது புருவமும் நெற்றியும் வெந்து சிவந்தன. தேவந்தி வாளித் தண்ணீரை அவர் தலையில் கொட்டினாள். கொட்டும்போது தேவைக்குக் கொஞ்சம் மேலே இருந்து கொட்டினாள்.

வண்டி ஆறியபின், பிசுன்தேவ் பிரேக்கை மிதிக்க மிதிக்க, வந்த வழியே பின்பக்கமாகவே முற்றம் வரை இறங்கி வந்தது. வாசலில் குடை பிடித்துக்கொண்டு பிர்ஜ்லால் காத்திருந்தார். இந்த வாரம் வெட்ட வேண்டிய கரும்பு அவருடையது. தீ வந்ததில் அவர் முறை பின்னுக்குப் போயிற்று. ஆகவே மிகுந்த அனுதாபத்தோடு வந்திருந்தார்.

"தலைவரே, என்ன இது, உபன்யாசம் கேட்ட மாதிரி வண்டிக்கே உடம்பெல்லாம் ஆவி பறக்குது?"

"ஃபேன் பெல்ட். வேற ஒண்ணுமில்ல."

"பெல்ட்டா? இது ஹெட் கேஸ்கெட். போச்சு. இஞ்சின இறக்கணும். தீபாவளிக்கு எழுந்து நடந்தா உங்க அதிர்ஷ்டம்."

பிர்ஜ்லாலுக்கு இஞ்சினில் எது முன், எது பின் என்று தெரியாது. ஆனால் 'ஹெட் கேஸ்கெட்' என்பது சாவுச் செய்தி என்று தெரியும். அதைச் சொல்லும் வாய்ப்பை அவர் எந்த வீட்டிலும் விட்டதில்லை.

"பிர்ஜ்லால் அண்ணே," என்றாள் தேவந்தி. "உங்க புது லாரி சும்மாதானே நிக்குது. மூணு லோடு. சனிக்கிழமைக்குள்ள போகணும்."

"தாராளமா, மதனி. செவ்வாய்க்கிழமை மண்டலியில மைக்க புடிச்சு, நெருப்பு எப்படிப் பத்திச்சுன்னு தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே சாவி தரேன்."

"செவ்வாய்க்கிழமை நாங்க இங்க இருக்கக் கூடாதுன்னுதான் கேக்கறேன்."

"அட, அப்படியா," என்று பிர்ஜ்லால் வருத்தப்பட்டார்.

பிசுன்தேவ் பெல்ட்டை மாற்றினார். சாயங்காலம் மறுபடி ஏற்றத்தில் விட்டார். இந்தத் தடவை இரண்டாவது வளைவிலேயே கொதித்தது. மூடியை மாற்றினார். முன் சக்கரத்தில் தேங்காய் உடைத்தார். இஞ்சினை ஓட விட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் அரைமணி நேரம் கேட்டார். கேட்டது என்ன என்று அவர் சொல்லவில்லை. கேட்டவிதம் கம்பீரமாக இருந்தது. அடுக்கி வைத்திருந்த எரிந்த கரும்பிலிருந்து, ஒரு பழைய வெல்லப் பானையைத் திறந்த மாதிரி, இனிப்பும் கெட்டுப்போனதும் கலந்த வாடை கிளம்ப ஆரம்பித்தது.

"முஸ்தகீமக் கூப்பிடலாம்," என்றாள் தேவந்தி.

"அவன் பேர இந்த வீட்ல எடுக்காதே."

முஸ்தகீம் செயாங்காங்காவில் வேன் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற மெக்கானிக். போன வருஷம் இதே லாரியின் கியர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எதை மாத்தணும்?" என்று பிசுன்தேவ் கேட்டதற்கு, பத்துப் பேர் எதிரில் "டிரைவர" என்று சொன்னவன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பால் கறக்கப் போனபோது தேவந்தி முந்தானையில் போனையும் முடிந்துகொண்டு போனாள். மாட்டின் வயிற்றோடு தலையைச் சாய்த்துக்கொண்டு பேசினாள்.

"தம்பி, நான் பிசுன்தேவ் வீட்லேர்ந்து."

"மதனியா? டிரைவர மாத்திட்டீங்களா?"

"அது முடியாதுப்பா. முப்பத்தி மூணு வருஷம் ஆச்சு. வண்டியையாவது சரி பண்ணு."

ஏழு மணிக்கு வந்தான். ஒல்லியான ஆள், முழங்கை வரை கிரீஸ். இறங்கியதும் லாரியைப் பார்க்கவில்லை. எலுமிச்சைப்புல் டீயும் ரெண்டு ரொட்டியும் கேட்டான். சாப்பிட்டுக்கொண்டே முற்றத்தில் லாரிக்கு எதிரில் உட்கார்ந்தவன், பானட்டைக்கூடத் திறக்காமல் சிரிக்க ஆரம்பித்தான்.

பிசுன்தேவ் வெளியே வந்தார். வெந்த நெற்றியில் கற்றாழை தடவியிருந்ததால் பளபளப்பாக இருந்தார்.

"யாரு கூப்பிட்டா உன்ன?"

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். இந்தப் படத்த எப்போ கட்டினீங்க?"

"பொன்விழாவுக்கு. ஆகஸ்டு."

"வண்டி சூடாக ஆரம்பிச்சது?"

"அது... ஆகஸ்டு கடைசின்னு வையி."

"மொதல்ல உங்க மூஞ்சிய அவுக்கணும் அண்ணே. ரேடியேட்டருக்குக் காத்தே போகல. உங்க மூஞ்சியத் தாண்டி எதுவும் உள்ள போக முடியல."

வயலிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த ஏமோசி, குவளையை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். இதை நின்றுகொண்டு கேட்பது அநியாயம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஒரு துணியால இஞ்சின் கொதிக்குமா?" என்றார் பிசுன்தேவ்.

"துணியா இருந்தாலாவது ஓட்டை இருக்கும். இது பிளாஸ்டிக். ஆனா இதால சூடு காட்டுற முள்ளு கொஞ்சம் ஏறும், இவ்ளோ கொதிக்காது. அதுக்கப்புறம் வேற யாரோ கை வச்சிருக்காங்க." முஸ்தகீம் இஞ்சினைக் கிளப்பினான். கிளப்பிவிட்டுக் காதைப் பொத்தவில்லை, கண்ணை மூடவில்லை. முள் மேலே ஏறுகிற வரை ரொட்டி தின்றான். பிறகு ரேடியேட்டருக்கு மேலே போகிற ரப்பர் குழாயைக் கையால் பிடித்தான். "மதனி, இங்க வாங்க. தொடுங்க."

தேவந்தி பயந்து பயந்து தொட்டாள். குளிப்பதற்கு வைத்த வெந்நீர் அளவுக்குத்தான் சூடு.

"இப்போ இத. பட்டும் படாம." இஞ்சினிலிருந்து கிளம்பி இஞ்சினுக்கே திரும்புகிற ஒரு குட்டைக் குழாய். விரலை வைத்ததும் இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? கொதிக்கிற தண்ணி ஆறப் போற எடத்துக்கே போகல. இந்தக் குறுக்கு வழியில உள்ளயே சுத்திக்கிட்டு நிக்குது. அண்ணே, தெர்மோஸ்டாட் இருக்கா இதுல?"

பிசுன்தேவின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. பாவம், கேள்வியைப் பாராட்டு என்று நினைத்துவிட்டார்.

"அத நானே கழட்டிட்டேன். முள்ளு ஏறின அன்னிக்கே. அது குளிர் நாட்டுக்காரன் வைக்கிறது. பனியில தண்ணி சூடாகிறதுக்காகத் தடுத்து நிறுத்துற சாமான். நம்ம வெயிலுக்கு அது எதுக்கு? தடையை எடுத்தா தண்ணி தாராளமா ஓடும். மண்டலியிலகூட இத விளக்கிச் சொல்லியிருக்கேன்."

"ஓடுது அண்ணே. தாராளமா ஓடுது. தப்பான பக்கமா ஓடுது." முஸ்தகீம் டீயைக் கீழே வைத்தான். "அது வெறும் தடை இல்ல. சூடாச்சுன்னா ரேடியேட்டர் வழிய தெறக்கும், அதே சமயம் இந்தக் குறுக்கு வழிய மூடும். நீங்க எடுத்துட்டதால குறுக்கு வழி பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு. கிட்ட ஒரு வழி இருக்கும்போது யாரு அண்ணே சுத்திப் போவா? தண்ணியும் நம்ம ஊருதானே. முறைக்குக் காத்திருக்காது."

ஏமோசிக்குப் புரையேறியது.

கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிட்டதாகப் பிசுன்தேவ் சொன்னார். தேவந்தி உள்ளே போய் மண்டலிச் சாமான்கள் இருக்கிற மரப்பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்தாள். விளக்கிச் சொல்லும்போது காட்டுவதற்காக மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். உள்ளங்கை அளவு பித்தளை, நடுவில் ஒரு சுருள்.

"இது கெட்டுப்போனது," என்றார் பிசுன்தேவ். "அதனாலதான் கழட்டினேன்." ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வேறு காரணம் சொன்னது அவருக்கு நினைவில்லை, அல்லது இருந்தது.

"அதையும் பாத்துடலாம். மதனி, அடுப்புல தண்ணி கொதிக்குதா?"

பருப்புக்காக வைத்திருந்த உலையில் முஸ்தகீம் அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். பிசுன்தேவ் வாசற்படியிலேயே நின்றார். கொதிநீரில் இறங்கிய பித்தளை கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. தேவந்தி குனிந்து பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. பிறகு அது, யாரும் தொடாமல், மெதுவாக, ஒரு தூங்குகிற குழந்தை வாயைத் திறக்கிற மாதிரி நடுவில் திறந்துகொண்டது. வெளியே தூக்கினான், சற்று நேரத்தில் மூடிக்கொண்டது. மறுபடி இறக்கினான், திறந்தது.

"இன்னொரு தடவை காட்டு," என்றாள் தேவந்தி.

காட்டினான். முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் சொல்லாமலே தன் வேலையைச் செய்கிற ஒரு சாமானை அவள் முதல்முதலாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமே ஆகல அண்ணே. நல்லா இருந்தத கழட்டியிருக்கீங்க."

அதைத் திரும்ப மாட்டும்போது தண்ணீர் கசியாமல் இடையில் வைக்கக் கெட்டி அட்டை வேண்டியிருந்தது. பொன்விழா அழைப்பிதழ் நூற்றுக்கணக்கில் மிச்சம் கிடந்தது. முஸ்தகீம் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி வட்டமாக வெட்டினான். 'அனைவரும் வருக' என்கிற வரி சரியாகத் தண்ணீர் போகிற ஓட்டைக்குள் வந்து, வெட்டுப்பட்டு விழுந்தது.

பேனரை அவிழ்க்கத்தான் நேரமாயிற்று. பிசுன்தேவ் அதற்கு முன்னால் நின்றுகொண்டார். ஒரு முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு முகம்.

"ஊர் கேக்கும். மண்டலிக்கு அவமானம்."

"கரும்பு புளிச்சா அதுவும் மண்டலிக்குத்தானா?" என்றாள் தேவந்தி.

"பின்னால கட்டிக்கோங்க சர்தார்," என்றான் ஏமோசி. "முன்னால வர்றவன் வண்டியப் பாப்பான். பின்னால வர்றவன் முந்திப் போக முடியாம மேடு முழுக்க உங்களையே பாத்துக்கிட்டு வரணும். அதான் நல்ல தரிசனம்."

இந்த வாதம் பிசுன்தேவின் மனதில் இறங்கியது. பேனர் பின்பக்கம் போயிற்று.

பகல் பன்னிரண்டு மணிக்கு, உச்சி வெயிலில், முழு லோடோடு லாரி கிளம்பியது. தேவந்தி வாசலில் மாவுக் கையோடு நின்றாள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில் ஆவி இல்லை, இருமல் இல்லை. கரும்புக்குப் பின்னால் கை கூப்பிய கணவர் சின்னதாகிச் சின்னதாகி மலை மறைவில் போய்விட்டார். முஸ்தகீம் கத்தரிக்காய் ஒரு பை வாங்கிக்கொண்டு கிளம்பினான். சனிக்கிழமை இருட்டுவதற்குள் மூன்றாவது லோடும் மில் வாசலைத் தாண்டியது.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு. மண்டலி முழுவதும் முற்றத்தில் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. பிசுன்தேவ் எழுந்தார்.

"ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. சூடு வரும்போது எந்தக் கதவைத் திறப்பது, எந்தக் கதவை மூடுவது என்று அறிந்தவனே ஞானி. இதை நான் இந்த வாரம் என் கையாலேயே கண்டுபிடித்தேன்."

"நெருப்பக் கண்டுபிடிச்சது?" என்று பின் வரிசையிலிருந்து பிர்ஜ்லாலின் குரல் வந்தது. எல்லோரும் கை தட்டி அதை மூடினார்கள். தேவந்தி உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பேரனுக்குப் புளி மிட்டாய், மருமகளுக்கு ஊறுகாய், நடுவில் புடவையில் சுற்றிய ஒரு குட்டி வெள்ளிக் கிண்ணம். அவளுடைய விசா போன மாதம்தான் வந்திருந்தது. பாரம், போட்டோ, கைரேகை என்று நாலு தடவை லம்பாசாவுக்கு அலைந்து வாங்கினாள். பிசுன்தேவுக்கு அந்த அலைச்சல் இல்லை. கல்யாணத்துக்குப் போனபோதே மூன்று வருஷ விசா கொடுத்திருந்தார்கள். "அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்," என்று அதற்குக் காரணம் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நாந்தி விமான நிலையத்தில், வரிசையில் முன்னால் நின்ற ஒரு குடும்பத்துக்கு அவர் குளிர் நாட்டையும் வெப்ப நாட்டையும் பற்றி விளக்கி முடித்தபோது அவர்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் தேவந்தியின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள், சீட்டு கொடுத்தாள். தேவந்தியின் பெட்டி பெல்ட்டில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போயிற்று. பிறகு அந்தப் பெண் பிசுன்தேவின் பாஸ்போர்ட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தில் நின்றாள். பக்கத்துக் கவுண்டர்காரனிடம் காட்டினாள். அவனும் பார்த்தான்.

"என்னம்மா, இஞ்சின் கொதிக்குதா?" என்றார் பிசுன்தேவ், வரிசைக்கும் கேட்கும்படி.

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க," என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, அவருடைய பெட்டியை எடைத் தட்டிலிருந்து இறக்கி அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

தேவந்தி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் விரல் இருந்த இடத்தைப் படித்தாள். கைப்பையின் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.

"உள்ள போற வாசல் எதும்மா?" என்று கேட்டாள்.

பிசுன்தேவின் பாஸ்போர்ட் ஜூலை மாதமே காலாவதியாகியிருந்தது.